கோயில் பொறித்த குற்றிகள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த மடல்களில் பாதிக்கு மேல் கோயிலும் கோபுரமும் பொறித்த நாணயக் குற்றிகள் பற்றியவை. அனுப்பும்போது இரு பக்கமும் தெளிவான படம், நிறை, விட்டம் மூன்றும் வேண்டும். கழுவாமல் எடுத்த படமாக இருக்கட்டும்.

கே: மச்சான் தந்த பத்து பாத் குற்றி. நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை, ஒரு கோபுரம். ஆண்டு 2551 என்று வாசித்துச் சொன்னார்கள். அச்சுப் பிழையா? (கிண்ணியா)

பிழை எதுவும் இல்லை. தாய்லாந்தில் புத்த ஆண்டைத்தான் பொறிப்பார்கள். 543ஐக் கழியுங்கள், 2008 வரும். கோபுரம் பாங்கொக் ஆற்றங்கரையில் நிற்கும் வாட் அருண். அந்தப் பக்கத்தின் உச்சியில் விரலை வைத்தால் சின்னப் புள்ளிகள் தட்டுப்படும். கண் தெரியாதவர் 'பத்து' என்று அறிய வைத்த பிரெயில் அது. கோடிக்கணக்கில் அடித்த குற்றி, விலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வரிசையைச் சேருங்கள்: ஒரு பாத்தில் மரகத புத்தர் கோயில், இரண்டில் வாட் சாகேத், ஐந்தில் பளிங்குக் கோயில். 2018இல் வந்த புதிய வரிசையில் கோயில்களை எடுத்துவிட்டார்கள்.

கே: ஜப்பான் பத்து யென் ஒரு பை நிறைய இருக்கிறது. எதை எடுத்து வைப்பது? (உப்புவெளி)

விளிம்பை நகத்தால் உரசிப் பாருங்கள். வரிவரியாக இருந்தால் 1951 முதல் 1958 வரையானது, தனியே வையுங்கள். வழுவழுப்பானவை 1959க்குப் பிந்தியவை. இரண்டிலும் உள்ள மண்டபம் ஊஜி நகரத்து பியோதோ-இன் கோயிலுடையது. கட்டி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகிறது.

கே: என்னிடம் கோயில் படம் உள்ள பழைய காசு இருக்கிறது. என்ன விலை?

எந்த நாடு? என்ன உலோகம்? எத்தனை கிராம்? படம் எங்கே? இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நகைக்கடையில் நிறுத்து, எழுதி அனுப்புங்கள்.

கே: 1818ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி செப்புக் குற்றி, இரண்டணா. ராமர், சீதை, அனுமார் உருவம். எண்பதாயிரம் ரூபா கேட்கிறார்கள். வாங்கலாமா? (தம்பலகாமம்)

வாங்காதீர்கள். முற்பணமும் கொடுக்காதீர்கள்.

இதே கேள்வி ஆண்டுதோறும் வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது. அது நாணயமே அல்ல. பிற்காலத்தில் யாரோ அடித்து விற்ற வில்லை. கம்பெனி இரண்டணா அடித்தது உண்மைதான், ஆனால் அது 1841ஆம் ஆண்டின் சின்ன வெள்ளிக் காசு, அதில் இருப்பது விக்டோரியாவின் தலை. பெரிய செப்பு இரண்டணா என்று ஒன்று கிடையவே கிடையாது. இதே வில்லைகளில் 1616 என்றும் வருகிறது. 1616இல் கம்பெனி சென்னைக்கு வந்துகூடச் சேரவில்லை!

அப்புறம் இந்த வில்லைக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்ற கதை. இரும்புத்தூள் பூசிய அரிசி, மறைத்து வைத்த காந்தம், அவ்வளவுதான். சாமி உருவம் இருப்பதால் 'போலி' என்று சொல்லவே சனம் தயங்குகிறது. அந்தப் பக்தியைத்தான் இவர்கள் விற்றுக் காசாக்குகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் சாமி அறையில் வைத்துக் கும்பிடுங்கள், தவறில்லை. முதலீடு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கம்பெனியின் உண்மையான கோபுரக் காசு வேறு. சென்னையில் 1808ஐ ஒட்டி அடித்த வெள்ளி அரை வராகன், கால் வராகன் (வராகன் என்பது அக்காலத் தென்னிந்தியப் பண அலகு). ஒரு பக்கம் அடுக்கடுக்கான கோபுரம், இரு மருங்கும் நட்சத்திரங்கள். மறு பக்கம் தாமரையில் எழும் விஷ்ணு, சுற்றிலும் புள்ளிகள், தமிழும் தெலுங்கும். அரை வராகன் ஏறக்குறைய 21 கிராம், காலுக்கு அதில் பாதி. இதற்கும் போலி உண்டு, ஆகவே தராசில் வைக்காமல் பேச்சே வேண்டாம்.

கே: கொரியாவின் பத்து வொன்னில் ஒளித்து வைத்த புத்தர் இருக்கிறாராமே? (பாலையூற்று)

இல்லை, அது கல் சிங்கம். புல்குக்சா கோயிலின் தபோதாப் தூபியில் உள்ள சிங்கத்தை 1983இல் வடிவத்தில் சேர்த்தார்கள். தேர்தல் காலத்தில் கிளம்பிய வதந்தியில் அது புத்தர் ஆகிவிட்டது.

கே: போர்த்துக்கேயர் இடிப்பதற்கு முந்திய கோணேசர் கோயில் பொறித்த காசு உண்டா? (திருகோணமலை நகரம்)

நானும் ஆசைப்பட்டுத் தேடியதுண்டு. யாழ்ப்பாண அரசரின் சேதுக் காசுகளில் படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் வரும், கோயில் வராது. திருகோணமலைக் கோட்டைக்குள்ளிருந்து எடுத்த கோயில் காசு என்று யாராவது கொண்டுவந்தால், இரு பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை பணம் கைமாறக் கூடாது.

கே: 1976ஆம் ஆண்டு ஐந்து ரூபா, பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம் உள்ளது. பழப்புளி போட்டுத் தேய்த்தேன், பளபளக்கிறது. விலை கூடுமா? (மூதூர்)

குறையும். அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்கு வெளியிட்ட குற்றி அது, இரண்டு ரூபாவும் உண்டு. இரண்டும் அரியவை அல்ல. அதனால் விலையைத் தீர்மானிப்பதே மேற்பரப்புத்தான், அதை நீங்கள் உரித்துவிட்டீர்கள். புளி, தேசிக்காய், பற்பசை, பிராசோ எதுவும் வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் எழுதுவேன். மற்றவற்றையாவது மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். நம் ஊர்க் கடற்காற்றில் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். கடதாசி உறை, ஒரு தகரப்பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பொட்டலத்தை மாற்றினால் சரி.