குளியல் தொட்டி மூடி போன்ற எளிய பொருளின் காப்புரிமை, ‘இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான்’ என்ற வாதத்தை மேல்முறையீட்டில் தாங்குமா?

அமெரிக்கச் சட்டப்படி சொல்கிறேன். தொட்டியின் மேல்வழிவுத் துளைக்கு (நீர் நிரம்பி வழியாமல் வெளியேற்றும் துளைக்கு), திருகாணி இல்லாமல் அழுத்தினாலே பொருந்தும் ஒரு மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பொருத்தும் முறை ஒரு பழைய ஆவணத்தில் (முன்பே வெளியான காப்புரிமை போன்றதில்) இருக்கிறது, மூடி இன்னொன்றில். இரண்டையும் இணைப்பது அத்துறையின் சாதாரணத் திறனாளருக்கு எளிதில் தோன்றியிருக்குமா? காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு கேட்பது இதைத்தான்.

2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணைப்பதற்கான தூண்டுதல் பழைய ஆவணத்திலேயே எழுதியிருக்கத் தேவையில்லை, பொது அறிவும் போதும் என்றது. விளைவை எளிதில் ஊகிக்கக்கூடிய குழாய்ச் சாதனங்களுக்கு அது பலத்த அடி.

மேல்முறையீட்டில் பலர் தடுமாறுவது இங்கேதான். ‘எளிதில் தோன்றக்கூடியது’ என்ற முடிவு சட்டக் கேள்வி. காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அதைப் புதிதாகவே ஆராயும். ஆனால் பழைய ஆவணம் என்ன கற்பிக்கிறது, இணைக்கத் தூண்டுதல் இருந்ததா என்பவை உண்மை சார்ந்தவை. காப்புரிமை அலுவலகத்தில் முதலில் விசாரிக்கும் காப்புரிமை வாரியத்தின் அந்தக் கண்டறிதல்களுக்குப் போதிய சான்று இருந்தால் நீதிமன்றம் அவற்றில் கைவைக்காது. எனவே கீழே, வாரியத்தில், சான்று சேர்க்காமல் மேலே போய் முழங்குவது வீண்.

எளிதில் தோன்றக்கூடியது அல்ல என்பதற்குச் சான்றாக விற்பனை வெற்றி, போட்டியாளர் நகலெடுத்தது போன்றவையும் எடைபோடப்படும். அந்த வெற்றி விளம்பரத்தால் வந்தது என்றால் பயனில்லை. உரிமை கோரிய அம்சத்தோடு அதற்குத் தொடர்பு காட்ட வேண்டும். என் கணிப்பில், எளிய பொருளைக் காப்பாற்ற இதைவிட வலுவானது, பழைய ஆவணமே அந்த இணைப்பைத் தவிர்க்கச் சொன்னது என்று காட்டுவதுதான்.