பையனுக்கு 18 ஆகும்போது எஃப்டி யார் கையில்?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். கணவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் மாதம் 19,000 சம்பளம், பி.எஃப். உண்டு. அறிவுசார் குறைபாடு (60 சதவீதம்) உள்ள ஒரே மகன் பிளஸ் டூ படிக்கிறான். அக்டோபரில் 18 முடிகிறது. அவன் பெயரில் 4 லட்சம் எஃப்டி இருக்கிறது. அதை எடுத்து அவன் பெயரிலேயே பாலிசி போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: வேண்டாம். சம்பாதிக்கிறவர் உயிருக்குத்தான் காப்பீடு தேவை. உங்கள் கணவர் பெயரில் 25 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (பாலிசி காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுங்கள். விண்ணப்பிக்கும்போதே 1874-ம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பிறகு சேர்க்க முடியாது. அப்படி எடுத்தால் கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது.

பாலிசியைவிட அவசரம் அக்டோபர். இன்று எஃப்டிக்குக் காப்பாளராக நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். 18 முடிந்ததும் அது செல்லாது. வங்கி அவன் கையெழுத்தைக் கேட்கும். புரிந்து போட அவனால் முடியாதென்றால் பணம் அங்கேயே முடங்கும். பெற்ற தாய் என்பது கவுன்டரில் எடுபடாது. ரசீதை எடுத்து முதிர்வு தேதியைப் பாருங்கள். உதவித்தொகை வரும் கணக்கு இருந்தால் அதற்கும் இதே கதிதான்.

இதற்கு கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு சட்டப்பூர்வ காப்பாளர் சான்று தரும். வங்கிகள் அதை ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் விசாரியுங்கள். 18 முடிந்த பிறகே சான்று கிடைக்கும், ஆனால் காகிதங்களை இப்போதே சரிசெய்யுங்கள். ஆதாரில் இனிஷியல், யுடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) அப்பாவின் முழுப்பெயர், மார்க் ஷீட்டில் வேறு பிறந்த தேதி என்று இருந்தால் அலைச்சல்தான். சான்று வரும்வரை ஓட்ட மூன்று மாதச் செலவை உங்கள் கணக்கில் வையுங்கள்.

சான்று வாங்கியதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் அவன் சொத்துப் பட்டியலையும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கையும் அந்த உள்ளூர் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வாருங்கள்.

மகனுக்கான பணத்தை நிர்வகிக்க யாராவது டிரஸ்ட் பத்திரம் எழுதச் சொன்னால், 4 லட்சத்துக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதினால் போதும்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வாங்கவில்லையென்றால் விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு தரும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கணவரின் பி.எஃப். குடும்ப விவரத்தில் மகன் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்: நிரந்தர, முழு இயலாமை உள்ள பிள்ளைக்கு, அப்பாவுக்குப் பின் வரும் ஓய்வூதியத்தில் வயது வரம்பு கிடையாது.

அரசுக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தால் 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தைக் குறிக்க மறந்தால் பொதுப் பட்டியலில்தான் பெயர் வரும்.