36 பிள்ளைகளும் ஒரு தரையும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் காரைக்குடியில் இருக்கிறேன். மகன் இரண்டாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிகிற அன்று மதியம் வகுப்பில் சின்னதாக ஒரு பார்ட்டி வைக்கலாம் என்று டீச்சர் சொன்னார். பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. மொத்தம் 36 பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. ஒருவர் கேக் என்கிறார், ஒருவர் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் என்கிறார், இன்னொருவர் பிள்ளையார் நோன்பையே வகுப்பில் வைத்துவிடலாம் என்கிறார். ஆளுக்கு 300 ரூபாய் வசூல் என்று ஒரு கட்சி, ரிட்டர்ன் கிஃப்ட் இல்லாமல் பார்ட்டியா என்று ஒரு கட்சி. உங்கள் மகள் படித்தபோது நீங்கள் இதையெல்லாம் செய்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

செய்தேன் என்று எழுதினேனே தவிர, நன்றாகச் செய்தேன் என்று எழுதியதாக ஞாபகம் இல்லை.

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பொறுப்பு என்னிடம் வந்தது. ஆளுக்கு 250 ரூபாய் என்று வைத்தோம். பாதிப் பேர் உடனே கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு நினைவூட்டுவதாக நினைத்துக்கொண்டு, பாக்கி வைத்தவர்கள் பெயரை எல்லாம் குழுவில் வரிசையாகப் போட்டேன். கணக்கப்பிள்ளை புத்தி. மறுநாளே பணம் வந்துவிட்டது, ஒரு வீட்டைத் தவிர. பார்ட்டி அன்று அந்தப் பையன் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அவன் பங்குக் கேக் பேப்பர் தட்டில், மேசையோரமாக, பள்ளிக்கூடம் விடும்வரை இருந்தது. கிரீம் உருகித் தட்டு நனைந்துபோனது.

அதனால் முதலில் தொகையை முடிவு செய்யுங்கள். 50 ரூபாய்க்கு மேல் வேண்டாம். பெயர் எழுதாத கவரில் போட்டு டீச்சரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். முழுதாக வந்தால் 1800 ரூபாய், ஆறு கவர் வராமல் போனாலும் 1500 இருக்கும். யார் கவர் வரவில்லை என்பது உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. ரிட்டர்ன் கிஃப்ட் கட்சிக்கு இந்தத் தொகையே பதில் சொல்லிவிடும். கிறிஸ்துமஸ் தாத்தா வந்தால் வரட்டும், செலவு அவர் வீட்டோடு.

நோன்பு யோசனை சொன்னவர் யோசித்துத்தான் சொன்னாரா? திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற சடங்கு அது. வகுப்பில் 36 பிள்ளைகள், நெருப்பு, நடுவில் ஒரு டீச்சர்! வீட்டில் பெரியவர்கள் கையால் இழை எடுத்துக்கொள்வதுதான் அதற்கு அழகு. தவிர, எல்லார் வீட்டிலும் அந்த வழக்கம் கிடையாது.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெத்து உண்டு. எனக்கும் இருந்தது. கேக்கோடு நிற்காமல் வெள்ளைப் பணியாரமும் போட வேண்டும் என்று கிளம்பினேன். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து ஊறப்போட்டதெல்லாம் முறைப்படிதான். ஆனால் அது சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிட வேண்டிய பண்டம். 11 மணிக்குச் சுட்டு ஹாட்பாக்ஸில் அடைத்ததை 2 மணிக்குத் திறந்தால், எல்லாம் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரப்பர் மாதிரி இருந்தது. வரமிளகாய்ச் சட்னியைத் தொட்ட பிள்ளைகள் பாதிப் பேர் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினார்கள்.

தேன்குழலும் சீப்புச் சீடையும் போதும். ஆறிப் போகுமோ என்ற கவலை கிடையாது, முதல் நாளே வாங்கி வைக்கலாம். இனிப்புக்கு மணகோலம் நன்றாக இருக்கும்தான், ஆனால் அதில் நிலக்கடலை சேர்ப்பவர்கள் உண்டு. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இருந்தால், பலகாரக்காரரிடம் எந்த எண்ணெயில் சுட்டது என்றும் கேளுங்கள். நம் பக்கத்தில் கடலை எண்ணெய் சர்வசாதாரணம்.

சரி, பிள்ளைகள் என்ன செய்வார்கள்? உங்கள் எண்ணிக்கை 36 என்றதுமே எனக்குக் கை பரபரத்தது. ஆறுக்கு ஆறு! 20 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு படம் வரைந்து 36 நகல் எடுங்கள். நாலு மூலையிலும் கால்வட்டம், நடுவில் ஒரு பூ. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, இந்த நாலு வண்ணம் மட்டும் தீட்டச் சொல்லுங்கள். முடித்ததைச் சுவரில் சேர்த்து ஒட்டினால், நாலு கால்வட்டம் கூடும் இடமெல்லாம் முழு வட்டமாகி, நம் பக்கத்து வீடுகளில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் தரை நாலடிக்கு நாலடி வந்துவிடும்.

தீட்டும்போதே, நிஜக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று யாராவது சொல்லலாம். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்துவார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவதுதான். முகம் பார்க்கிற அந்தப் பளபளப்பு அடியிலிருந்த கண்ணாடி கொடுப்பது. கையால் ஊற்றுவதால் ஒரு கல்லைப் போல இன்னொன்று இராது. கோட்டுக்கு வெளியே தீட்டிவிட்டு முகம் சுருங்குகிற பிள்ளையிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

தீட்ட முக்கால் மணி, தின்ன கால் மணி. அதற்கு மேல் இழுத்தால் டீச்சர் பாவம்.

அன்றைக்கு யாராவது வராமல் போனால், அந்தக் கல்லை வேறு பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். வெள்ளையாகவே அதன் இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பிள்ளை வந்து தீட்டிக்கொள்ளட்டும். சுவரில் ஒட்டிய தாளில் ஸ்கெட்ச் பேனா ஒழுகும், கலர் பென்சில் கொடுங்கள்.