கால்மாட்டில் படுக்கும் ஜூலி

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவிலில் இருக்கிறேன். அவர் காலமான பிறகு வீட்டில் தனியத்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். ஒரு மாரிகாலம் சந்தைக்குப் பின்பக்கம் யாரோ சாக்கில் கட்டி விட்டுப்போன பெட்டைக்குட்டி ஒன்றை எடுத்துவந்து வளர்த்தேன். ஜூலி என்று பெயர். இப்போது 3 வயது. முதலில் விறாந்தையில் படுத்தது. பிறகு அறைவாசலில், பிறகு கட்டிலுக்குக் கீழே, இப்போது என் கால்மாட்டில். நுளம்பு வலையை நான் தூக்கிவிடும்வரை காத்து நிற்கும்.

அக்கா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளையள் பக்கத்தில இல்லாத குறைக்கு நாயோட படுக்கிறாய். விளக்கு வைக்கிற வீட்டில இதென்ன பழக்கம்?" என்று பேசிவிட்டுப் போனா. அதில் முதல் பாதிதான் எனக்குச் சுட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு மகள் வருகிறாள், 4 வயதுப் பேரனோடு. அவனுக்குத் தொய்வு, ஆஸ்துமா. இரவில் ஜூலி புரண்டால் எனக்கும் முழிப்பு வருகிறது. இதை நிற்பாட்ட வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்கு 69 வயது. எனக்குப் பிறகு இதை ஆர் பார்ப்பினம்?

ச.
கொக்குவில்

அன்புள்ள ரீச்சர்,

உங்களைச் சுட்ட அந்த முதல் பாதியைத்தான் நானும் முதலில் எடுக்கிறேன். பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகளைப் பற்றி இப்படிப் பேசுவது எங்கள் ஊரில் வழமையாகிவிட்டது. வயதானவரும் நாயும் இருக்கிற வீடு என்றால் உடனே ஒரு பரிதாபம். ஆள் இல்லாத இடத்தை மிருகம் நிரப்புகிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். இதை நான் ஏற்கவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்த காலத்திலும் நாங்கள் நாயோடும் பூனையோடும்தான் படுத்தோம்.

1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மாமா குடும்பம் எங்களோடு இருந்தது. இரவில் பாய் விரித்தால் அறைக்குள் கால்வைக்க இடம் இராது. அந்த நெருக்கத்துக்குள்ளும் அப்பம்மாவின் பாயில் ஒரு பூனைக்கு இடம் இருந்தது. அவர் முழங்காலை மடக்கிப் படுத்தால் அந்த மடிப்புக்குள் வந்து சுருளும். கால் மரத்தாலும் அவர் அசையமாட்டார். குண்டுபோடும் பொம்மர் வந்தால் பங்கருக்குள் முதல் இறங்குவது எங்கள் நாய் கறுப்பன். பிள்ளைகள் நாங்கள் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு நடுங்குவோம். அதுவும் நடுங்கும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அந்தச் சனத்துக்குள் நடந்திருப்பீர்கள். சைக்கிளில் எதைக் கட்டுவது, எதை விடுவது என்று வீடே தடுமாறிய அந்த நேரத்தில் அப்பம்மா ஒரு பானை சோறு வடித்து முற்றத்தில் பரப்பினார். படலையைத் திறந்தபடியே விட்டார். பூனையைக் காணவில்லை. கறுப்பன் செம்மணி வரைக்கும் எங்களோடு வந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் சனநெரிசலில் எங்கே விடுபட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வருடம் திரும்பிவந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அப்பம்மா கூரையைப் பார்க்கவில்லை. கிணற்றடி, கோடி, அயல்வளவு என்று இரண்டின் பெயரையும் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுற்றிவர நின்றோம். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத குறை அவருக்கு இருக்கவில்லை. ஆனாலும் தேடினார், ஏனென்றால் கறுப்பன் கறுப்பன்தான். வேறொருவருக்குப் பதிலாக அது அங்கே இருக்கவில்லை. ஜூலியும் அப்படித்தான், ரீச்சர். கனடாவிலிருந்து பிள்ளைகள் நாளைக்கே திரும்பி வந்தாலும் நீங்கள் வலையைத் தூக்கிவிடுவீர்கள்.

காவலுக்கும் வேட்டைக்கும் உதவியதால்தான் மனிதன் நாயைச் சேர்த்துக்கொண்டான் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பாதி உண்மை. 1914இல் ஜேர்மனியின் பொன் (Bonn) நகருக்கு அருகில், ஒபர்காசல் என்ற இடத்துக் கல்லுடைக்கும் குழியில் ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழைய புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு இது: இறக்கும்போது அது சுமார் 7 மாதக் குட்டி. அதற்குமுன் டிஸ்ரெம்பர் என்ற நாய்க்காய்ச்சலில் பல கிழமைகள் கிடந்திருக்கிறது. யாரோ சூடாக வைத்து, துடைத்து, தண்ணீர் பருக்கியிராவிட்டால் அத்தனை நாள் தாக்குப்பிடித்திராது. அந்தக் கிழமைகளில் அந்தக் குட்டியால் வேட்டைக்கோ காவலுக்கோ ஒரு பயனும் இருந்திருக்காது. சாக்கிலிருந்து எடுத்த குட்டியை நீங்கள் பார்த்தது போலத்தான் அந்த மனிதர்களும் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஜூலி வந்த வழி. விறாந்தை, வாசல், கட்டிலின் கீழ், கால்மாடு. கண்திறக்காத நாய்க்குட்டிகளால் தங்கள் உடற்சூட்டைத் தாங்களே பிடித்துவைக்க முடியாது. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிக் குவிந்து கிடந்துதான் பிழைக்கின்றன. ஒட்டிப்படுப்பது அவற்றின் முதல் அறிவு. சாக்கில் கட்டப்பட்ட குட்டிக்கு மனிதக் கை என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். தூங்கும் மிருகத்தால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. அப்படியிருந்தும் ஒரு மனிதரின் காலடியில் வந்து கண்ணை மூட ஜூலி துணிந்திருக்கிறது. அதில் உங்களுக்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

விளக்கு வைக்கிற வீடு என்பதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கைகளில் மரத்தடிக்கு மரத்தடி சூலம் நட்டு வைரவரைக் கும்பிடுகிறோம், வடைமாலை சாத்துகிறோம். அவருடைய வாகனம் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். சாமியறைக்குள் ஜூலியை விடாதீர்கள், அக்கா வரும் நாளில் கட்டில் விரிப்பை மாற்றிவிடுங்கள். அவவின் ஆசாரத்துக்கு அந்த மரியாதை போதும்.

நித்திரை விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 40 பேருக்கும் அவர்களின் நாய்களுக்கும் அசைவைப் பதியும் கருவியைக் கட்டி ஏழு இரவுகள் பார்த்தார்கள். நாய் அறைக்குள் இருந்ததால் பெரிய குழப்பம் வரவில்லை. கட்டிலிலேயே படுத்தபோது தூக்கம் சற்றுக் குறைந்தது. உங்கள் அனுபவமும் அதுதான். நாய் ஓர் இரவில் பலமுறை விழித்துத் தூங்கும். படலைக் கொளுவி அசைந்தாலும் காதை நிமிர்த்தும். முழிப்பு வந்தாலும் உடனே திரும்ப நித்திரை வருகிறதென்றால் அப்படியே விடுங்கள். பகலில் களைப்பு, தலைச்சுற்று என்று இருந்தால் கட்டிலோடு ஒட்டினாற்போல ஒரு சாக்குக்கட்டிலையோ பழைய மெத்தையையோ போட்டு, உங்கள் சேலை ஒன்றை அதில் விரியுங்கள். உங்கள் மணம் இருந்தால் அதுவும் அதற்குக் கால்மாடுதான்.

தடுப்பூசியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அதனால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். விசர்நாய்க்கடி நோய்க்கு அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பவர் அநேகமாக எவரும் இல்லை. எச்சில் வழியாக அது பரவுகிறது. கடியால் மட்டும் அல்ல, கீறலாலும், திறந்த காயத்தை நக்குவதாலும் தொற்றலாம். கால்மாட்டில் படுக்கும் நாய் பித்தவெடிப்பு உள்ள குதிக்காலை நக்காமல் இராது. ஆகவே ஜூலிக்கு வருடாவருடம் ஊசி போடவேண்டும். இலங்கையில் நாய்களுக்கு இந்த ஊசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகிறார்கள், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அது எந்த நாள் என்று கேளுங்கள். வெளிநாய் கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், காயத்தில் வேறெதையும் அப்ப வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழுவுக்கான மருந்து. உண்ணிக்கும் தெள்ளுக்கும் கால்நடை வைத்தியர் தரும் மருந்து. ஜூலிக்குக் கருத்தடை செய்திராவிட்டால் அதையும் செய்துவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு சாக்கு, இன்னொரு சந்தை.

பேரனின் தொய்வு கவனமாகப் பார்க்க வேண்டியது. மயிர்தான் காரணம் என்று எங்கள் ஊரில் நம்புகிறோம். நாயின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் செதிலிலும் உள்ள புரதங்கள்தான் பலருக்கு ஒவ்வாமையைத் தருகின்றன. அவை மெத்தையிலும் திரைச்சீலையிலும் படிந்து, நாய் போனபிறகும் மாதக்கணக்கில் கிடக்கும். மகள் வந்திறங்கும் நாளில் ஜூலியை முற்றத்துக்கு அனுப்புவதால் பயன் குறைவு. வேலையை இப்போதே தொடங்குங்கள். ஜூலி ஒருநாளும் படுக்காத அறையை அவர்களுக்கு ஒதுக்கி, கதவைச் சாத்தி வையுங்கள். விரிப்புகளைச் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். நாய் அவனுக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதா, இல்லை தூசிதான் காரணமா என்பதை அங்கேயே அவனுடைய வைத்தியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொன்னால் அந்தக் கிழமைகளுக்கு ஜூலி விறாந்தைக்குத் திரும்பட்டும். உங்கள் நாற்காலியையும் கொஞ்சநேரம் அங்கே போடுங்கள். பேரனையும் ஜூலியையும் தனியே விடவேண்டாம். தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களைவிட நல்ல ரீச்சர் யார்?

கடைசிக் கேள்வியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நன்றாகப் பார்த்தால் எங்கள் ஊர்நாய் பன்னிரண்டு பதின்மூன்று வயதுவரை இருக்கும். ஜூலிக்கு 3, உங்களுக்கு 69. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுப்பார்த்ததே ஜூலி மேலான அன்புதான். ஆளை இப்போதே தேடுங்கள். நாய் என்றால் பிரியமான ஒரு பிள்ளை அயலில் இருக்கும். மாலைச் சாப்பாட்டைக் கிழமையில் சில நாள் அந்தப் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்யுங்கள். இடைக்கிடை ஓரிரவு ஜூலி அந்த வீட்டில் படுத்துப் பழகட்டும், உங்கள் சேலையோடு. அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனிடம் வாய்விட்டுக் கேட்டு ஒத்துக்கொள்ள வையுங்கள். மகள் வரும்போது, ஜூலியின் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் மாதாமாதம் காசு அனுப்பவேண்டி வரும் என்று அவவையும் அவர்களையும் ஒன்றாக இருத்திப் பேசுங்கள். ஊசி அட்டையை உங்கள் அடையாள அட்டை வைக்கிற லாச்சிக்குள் வைத்து, அது எங்கே இருக்கிறதென்று இரண்டு வீட்டாருக்கும் காட்டிவிடுங்கள்.

அன்புடன்.