பெயர் தெரியாத பவளங்கள், பில் இல்லாத தொட்டி

கேள்வி: ஊரைக் காலிசெய்த ஒருவரிடம் 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டியைப் பாறைகளோடு 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் தரவில்லை. "எல்லாம் மென்பவளம், அனுமதி எதுவும் தேவையில்லை" என்றார். பாறையில் நான்கு வகை உயிர்கள் இருக்கின்றன. ஒன்று சட்டைப் பித்தான்களைக் கொட்டி ஒட்டியது போல் கூட்டமாக இருக்கிறது. இன்னொன்று கையை விரித்து மூடுவது போல் ஓயாமல் அசைகிறது. மூன்றாவது கண்ணாடி போன்ற பழுப்புப் பூ. தொட்டால் சட்டென்று உள்ளே போய்விடுகிறது, வாரத்துக்கு வாரம் பெருகுகிறது. நான்காவது கெட்டியான கிளை. அதன் நுனியில் சுத்தியல் தலை போன்ற விரல்கள். பாறையை வெந்நீரில் கொதிக்கவைத்தால் பழுப்புப் பூக்கள் ஒழியும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? — கோவை வாசகர்

பதில்: கொதிக்கவைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பித்தான் கூட்டம், நீங்கள் வர்ணிப்பதைப் பார்த்தால், ஸோவாந்திட் இனம். இந்த இனத்தில், குறிப்பாக பாலிதோவா வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். 1971இல் ஹவாய்த் தீவு ஒன்றின் பாலிதோவாவிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். சூடு அந்த நஞ்சை அழிப்பதில்லை. ஆவியோடு சேர்த்து உங்கள் மூச்சுக்குள் அனுப்பிவிடும். பாறையைக் கொதிக்கவைத்த ஒரே காரணத்தால் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. பிரஷ் வைத்துத் தேய்ப்பதும் ஆபத்துதான். அந்தப் பாறையைத் தொட நேர்ந்தால் கையுறையும் கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே வேண்டாம். தொட்ட பிறகு வாயில் கசப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், "பாலிடாக்சின்" என்ற சொல்லை மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத நஞ்சு இது.

இனி, அடையாளம். நிறத்தை நம்பாதீர்கள். விளக்கு மாறினால் பவளத்தின் நிறமும் மாறும். எண்ணிக்கையை நம்புங்கள். ஒரு நண்பர் வீட்டுத் தொட்டியில் இரவு பத்து மணிக்கு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு பாலிப்பின் (பவளக் கூட்டத்தில் உள்ள ஒரு தனி உயிரின்) விரல்களை எண்ணியிருக்கிறேன். எட்டு விரல்கள். ஒவ்வொன்றின் இரு பக்கமும் பறவை இறகு போல நுண்ணிய கிளைகள். விரல் எட்டாக இருந்து இறகு போல் பிரிந்திருந்தால் அது எண்விரல் பவளக் கூட்டம்; மென்பவளங்கள் இதில்தான் வரும். ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று ஆறின் மடங்கில் போனால் கல் பவளம், கடல் சாமந்தி ஆகியவை சேர்ந்த கூட்டம். பார்த்தால் அக்கா தங்கை போல் இருக்கும் கோனியோபோரா, ஆல்வியோபோரா என்ற இரண்டு கல் பவளங்களைப் பிரிப்பதும் இந்தக் கணக்குத்தான்: முன்னதற்கு 24 விரல், பின்னதற்கு 12.

உங்கள் விரித்து மூடும் கை, ஸீனியா. எட்டு விரல்தானா என்று எண்ணிப் பாருங்கள். அழகானது, ஆனால் பாறை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். தனிக் கல்லில் ஒதுக்கி வைத்தால் போதும்.

பழுப்புப் பூ பவளமே இல்லை. அது ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி, தொட்டியில் முளைக்கும் களை. கிள்ளினால் கிள்ளிய துணுக்கெல்லாம் புதிதாக முளைக்கும். நீங்கள் சொல்லும் பெருக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் கரைத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஊசிக்குழாயால் அதன் வாய்மேல் விடுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியலில் இதுதான். ஆனால் தொட்டிக்குக் கலப்பில்லாத ஆய்வகத் தரத் தூள்தான் வேண்டும். 80 லிட்டரில் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒழிக்க முயன்றால் நீரின் காரத்தன்மை எகிறிவிடும். நாளுக்கு இரண்டு மூன்று போதும்.

நான்காவதுதான் எனக்குக் கவலை தருகிறது. விரல் நுனி சுத்தியல் வடிவில் இருந்தால் 'ஹாமர்', பல மொட்டுகளாகப் பிரிந்திருந்தால் 'ஃபிராக்ஸ்பான்', ஒற்றைக் குமிழாக இருந்தால் 'டார்ச்' என்பது வணிகப் பெயர். மூன்றுமே யூஃபில்லிடே குடும்பத்துக் கல் பவளங்கள். சதை சுருங்கியிருக்கும்போது அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கிண்ணமும் அதன் விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் தகடுகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் சந்தேகமே இல்லை.

விற்றவர் சொன்னது அங்கேதான் பொய்யாகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, ஆர்கன் பைப் பவளம் ஆகியவையும் அதில் உண்டு. ஆர்கன் பைப்புக்கு எட்டு விரல்தான். எனவே "எட்டு விரல், ஆகவே கவலையில்லை" என்றும் இருந்துவிடாதீர்கள். மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. "இது இந்தோனேசியச் சரக்கு" என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. கல் பவளங்கள், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாதவை. அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தோன்றும். பில்லும் இல்லை, பொருளும் தடைசெய்யப்பட்டது. புகார் உங்கள் பக்கமே திரும்பலாம். அந்தப் பவளத்தை யாருக்கும் விற்காதீர்கள், கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, வாங்கிய விவரத்தை எழுதி மாவட்ட வன அலுவலரை அணுகுங்கள். அதுவரை அதை உயிரோடு காப்பாற்றுங்கள்: 26 டிகிரி வெப்பம், 1.025 அடர்த்தி, ஆவியாகும் அளவுக்கு நன்னீர். இரவில் அதன் விரல்கள் நீண்டு பக்கத்திலிருப்பதைக் கொட்டும். ஒரு சாண் இடம் விடுங்கள்.

கேள்வி: இணையத்தில் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்ந்த பவளத்தை வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் பழுப்பாக இருக்கிறது. ஏமாற்று வேலையா? — சிங்கப்பூர் வாசகர்

பதில்: பெரும்பாலும் படம் நீல விளக்கில் எடுத்ததாக இருக்கும். பவளத்தின் ஒளிர்புரதங்கள் நீல ஒளியில் மின்னும். வெள்ளை ஒளியில் அதற்குள் வாழும் பாசியின் பழுப்புதான் தெரியும். அடுத்த முறை பணம் அனுப்பும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: வெள்ளை விளக்கில், பாலிப் விரிந்தபோது, மூடியபோது, அடிப்பாகம். பக்கத்தில் ஒரு நாணயம் இருக்கட்டும். பில்லில் அறிவியல் பெயர் வேண்டும். கவர்ச்சியான வணிகப் பெயருக்கு விலை ஏறுமே தவிர, எந்த உயிர் என்று தெரியாது. கல் பவளம் என்றால் இறக்குமதி அனுமதி பற்றியும் கேளுங்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: எலுமிச்சை மஞ்சளோ ரோஜா நிறமோ திட்டுத் திட்டாக, செயற்கையாகத் தெரிந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். சாயம் பாசியின் மேல் விழும் ஒளியை மறைத்துவிடும். வாங்காதீர்கள்.

கேள்வி: தூத்துக்குடிக் கடற்கரையில் ஒதுங்கிய வெள்ளைப் பவளத் துண்டை எடுத்துத் தொட்டியில் அலங்காரமாக வைக்கலாமா? செத்ததுதானே? — திருநெல்வேலி வாசகி

பதில்: கூடாது அம்மா. சட்டம் உயிரற்ற துண்டையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கடலில் பவளக் கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோன காலம் இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. கடையில் பீங்கான் பாறை கிடைக்கிறது. மூன்று மாதத்தில் பாசி படிந்து, அதுவும் கடல் கல் போலவே ஆகிவிடும்.