தோற்ற படையின் கிடங்கும் பசித்த மக்களும்: ஜப்பான், 1945 (கேள்வி-பதில்)

கேள்வி: தோற்ற படையின் உணவுக் கிடங்கு வென்றவருக்குத்தானே சொந்தம்? அதைப் பொதுமக்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் ஏதும் உண்டா?

பதில்: எதிரி அரசுக்கு உரியதும் போருக்குப் பயன்படக்கூடியதுமான கிடங்குச் சரக்கை ஆக்கிரமிப்புப் படை கைக்கொள்ளலாம் என்று 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 53-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. தனியார் உடைமையைப் பறிமுதல் செய்ய அவ்விதிகள் இடம் தருவதில்லை. தன்னால் இயன்ற அளவுக்கு மக்களுக்கு உணவு கிடைக்கச் செய்வது ஆக்கிரமிப்பாளரின் கடமை என்று வெளிப்படையாக எழுதப்பட்டது, 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையில், 55-ஆவது பிரிவில்தான். 1945-இல் ஆக்கிரமிப்பு அதிகாரிகளை இயக்கியதில், பட்டினி தொற்றுநோயாகவும் கலவரமாகவும் மாறிவிடும் என்ற அச்சத்துக்குப் பெரும் பங்குண்டு.

கேள்வி: ஜப்பானியப் படையிடம் ஏராளமான உணவு இருந்ததாகச் சொல்கிறார்களே, அது எங்கே போயிற்று?

பதில்: அதில் பெரும்பகுதி அமெரிக்கர்களின் கைக்கு வரவே இல்லை. சரணடைவு முடிவான ஆகஸ்ட் 14 அன்றே, படைச் சரக்கை உள்ளூர் நிர்வாகங்களுக்கும் தனியாருக்கும் விடுவிக்க அமைச்சரவை வழி திறந்துவிட்டது. மக்களுக்கு உதவுவதற்காக என்பது காரணமாகச் சொல்லப்பட்டாலும், ரசீதோ கணக்கோ சரிவர இல்லாமல் அரிசி, டப்பா உணவு, துணி, எரிபொருள் எனக் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் அதிகாரிகளும் அவர்களுக்கு வேண்டிய வணிகர்களும் வண்டி வண்டியாக அள்ளிச் சென்றனர். ஆகஸ்ட் 28-இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆக்கிரமிப்புப் படைகளின் தலைமைத் தளபதியான அமெரிக்க ஜெனரல் மெக்காதர் வந்திறங்கியது ஆகஸ்ட் 30-இல். இடைப்பட்ட அந்த இரண்டு வாரங்களே எல்லாவற்றையும் தீர்மானித்தன என்பது என் கருத்து, ஏனெனில் அப்போது மறைந்த சரக்குதான் பின்னர் கள்ளச்சந்தையில் பல மடங்கு விலைக்குத் தலைகாட்டியது. 1947-இல் நாடாளுமன்றமே ஒரு சிறப்புக் குழு அமைத்து இதை விசாரித்தது, போனது போனதுதான்.

கேள்வி: எஞ்சியதையாவது கிடங்கைத் திறந்துவிட்டு நேரடியாக மக்களுக்கு வழங்கியிருக்கலாமே?

பதில்: அப்படித் திறந்துவிட்டால் தோள் வலுவுள்ளவனும் வண்டி வைத்திருப்பவனும்தான் முதலில் வருவார்கள், முதியவரும் கைக்குழந்தைக்காரியும் வெறுங்கையோடு திரும்புவார்கள். எனவே, கைப்பற்றிய சரக்கில் உணவு முதலியவற்றை ஆக்கிரமிப்புத் தலைமையகம் ஜப்பானிய உள்துறை அமைச்சகத்திடம் திருப்பி ஒப்படைத்தது. முறை சரியானதே. ஆனால் பொறுப்பேற்ற நிர்வாகத்தின் மீதே மக்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. இதற்கு மாறாக, தோற்ற ஜெர்மனியின் பெர்லினில் சோவியத் தளபதி பெர்சாரின் 1945 மே மாத நடுவிலேயே ஐந்து தரங்களாகப் பிரித்த பங்கீட்டு அட்டைகளைக் கொண்டுவந்து, கடும் உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 600 கிராம் ரொட்டி, கடைசித் தரத்தாருக்கு 300 கிராம் என வரையறுத்தார். அந்தக் கடைசி அட்டையை வைத்துப் பிழைப்பது கடினம்தான்; ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கேள்வி: அமெரிக்கப் படையினர் உள்ளூர் உணவை உண்டார்களா?

பதில்: உண்ணக் கூடாது என்பது மெக்காதரின் ஆணை. படைக்கான உணவு வெளியிலிருந்து வந்தது.

கேள்வி: கைப்பற்றிய சரக்கில் குழந்தைகளுக்கு ஏதேனும் சேர்ந்ததா?

பதில்: சேர்ந்தது. 1947 ஜனவரியில் நகரப் பள்ளிகளில் மதிய உணவு மீண்டும் தொடங்கியபோது, அமெரிக்க நிவாரண அமைப்புகள் அனுப்பிய பால்பவுடருடன் பழைய ஜப்பானியப் படையின் டப்பா உணவும் பயன்படுத்தப்பட்டது. பெறுபவர் யார் என்பது வகுப்பறையிலேயே தெரிந்துவிடுவதாலும், சமைத்த உணவைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாததாலும், இத்தகைய சரக்குக்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

கேள்வி: கிடங்குகள் கொள்ளை போகாமல் இருந்திருந்தால் பஞ்சமே வந்திருக்காதா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 1945-ஆம் ஆண்டின் நெல் விளைச்சல் 1910-க்குப் பிறகு மிக மோசமானது. உரமில்லை, ஆளில்லை, போதாதற்குச் செப்டம்பரில் புயல். கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோயிற்று. படைக் கிடங்கு அந்தக் குளிர்காலத்தைச் சற்றுத் தாங்கியிருக்கும். 1946 மே 19 அன்று அரண்மனை முன் திரண்டு உணவு கேட்டவர்களுக்கோ, இறக்குமதித் தானியம் வந்தே ஆக வேண்டியிருந்தது.