கூட்டாஞ்சோற்றுக்குச் சொப்பும் ஊதலும்: எதில் சாப்பிடலாம், எதில் கூடாது?

கேள்வி: காணும் பொங்கலன்று எங்கள் தெருப் பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்குவார்கள். இந்த முறை அவர்களையே களிமண்ணில் சொப்பு, யானை, ஊதல் எல்லாம் செய்யவைத்து, அவர்கள் செய்த தட்டிலேயே பரிமாறலாமா என்று யோசிக்கிறோம். போன வருடம் விறகடுப்பில் சுட்ட யானைகள் படபடவென்று வெடித்துவிட்டன. என்ன செய்வது? (வாசகி, குடியாத்தம்)

பதில்: உள்ளே காற்று அடைபட்டதால் வெடித்தது என்று பலரும் சொல்லியிருப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் ஈரம்தான். மேல்புறம் வெளுத்துக் காய்ந்தாலும் தடித்த வயிற்றுக்குள் ஈரம் நிற்கும். சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் அது நீராவியாகி, வழி கிடைக்காமல் யானையைப் பிளந்துகொண்டு வரும். ஆகவே எந்தப் பகுதியும் சுண்டுவிரல் கனத்தைத் தாண்ட வேண்டாம். வயிற்றைக் குடைந்து, அடியில் ஈர்க்குச்சியால் ஒரு துளை போடுங்கள். ஐயனார் கோயில் மண்குதிரைகளும் உள்ளே கூடுதான்.

மார்கழிப் பனியில் மண் எளிதில் காயாது. நிழலில் பத்து நாளாவது விடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது.

ஏரி மண் எடுத்தால் நன்றாகக் கரைத்து வடிகட்டுங்கள். சுக்கான் கல் ஒரு பொடி சிக்கினாலும் சூளையில் சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, நன்றாக இருந்த பொம்மையில் சில்லு தெறிக்கும். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்தால் விரிசல் குறையும். காது, தும்பிக்கையை ஒட்டும்போது இரு பக்கமும் கீறி, களிமண் குழம்பு தடவி அழுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு அதிகம் பிடிப்பது ஊதல். எலுமிச்சை அளவில் இரண்டு கிண்ணம் செய்து வாயோடு வாய் சேர்த்தால் கூடு தயார். ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி ஊதுவாய் போடுங்கள். அது முடியும் இடத்தில் மேலே சதுரமாக ஒரு துளை வெட்டுங்கள். ஊதும் காற்று அந்தத் துளையின் எதிர் விளிம்பில் நேராக மோத வேண்டும், விளிம்பு கத்தி முனைபோல் கூராக இருக்க வேண்டும். இதில்தான் முழுச் சூட்சுமமும். ஈரமாக இருக்கும்போதே ஊதிப் பாருங்கள். அப்போது சத்தம் வராதது சுட்ட பிறகும் வராது. நிறம் வேண்டுமென்றால் சுடுவதற்கு முன்பே செம்மண் குழம்பு பூசுங்கள். வாயில் வைக்கும் பொருளுக்குப் பெயிண்ட் கூடாது.

விறகடுப்பை இத்துடன் விட்டுவிடுங்கள். அதில் சூடு சீராக ஏறாது. பொங்கல் பானைக்காக மார்கழியில் சூளை போடும் குடும்பம் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். பானைகளுக்கு நடுவே சின்ன உருவங்களுக்கு இடம் கேளுங்கள், கூலியும் கொடுங்கள்.

இனி தட்டு. என் தீர்ப்பு: வேண்டாம். பளபளப்புப் பூச்சு இல்லாத மண்தட்டு குழம்பைக் குடித்துக்கொள்ளும். எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது. தண்ணீர் குடிக்கவும் உப்பு வைக்கவும் பிள்ளைகளின் சொப்பு போதும். பூச்சு போடலாமே என்று தோன்றும். காட்பாடி அருகே கரிகிரி அந்த வேலைக்கே பெயர் பெற்ற ஊர். ஆனால் பூச்சில் ஈயம் இருந்தால் புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்துச் சோற்றில் சேர்த்துவிடும். பிள்ளைகளுக்கு ஈயம் மிகக் கெடுதல். சோறு வாழையிலையில் இருக்கட்டும். யானைகள் இலையைச் சுற்றி நிற்கட்டும்.

சமைக்க மண்சட்டி தாராளமாக வாங்கலாம். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுவிய நீரைக் கொதிக்கவிட்டுக் கொட்டினால் பழகிவிடும். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை என்று ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். தீயை மெதுவாக ஏற்றுங்கள். இறக்கிய சட்டியை ஈரத் தரையில் வைக்காமல் வைக்கோலில் வளையமாகத் திரித்த பிரிமணையில் வையுங்கள். சூட்டோடு குளிர்ச்சி பட்டால் அடி விண்டுவிடும்.